எஃப்பி15 சூடானா நிக்குது: கிராங்க் சென்சரை வீட்டு முற்றத்திலயே மாத்தலாமா?

உப்புவெளி_மணல் எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். என்ட கார் நிசான் சனி எஃப்பி15, கியூஜி15 இஞ்சின், ஓட்டோ கியர். கொஞ்ச நாளா ஒரு விசர் வருத்தம் பிடிச்சிருக்கு. காலையில எடுத்தா வடிவா ஓடும். திருகோணமலை டவுனுக்குள்ள, நிலாவெளிப் பக்கம் எல்லாம் ஓடித் திரிஞ்சாலும் ஒரு குறையும் இல்ல. கந்தளாய் போயிட்டுத் திரும்பி வரக்குள்ளதான் விளையாட்டுக் காட்டுது. தம்பலகாமம் கிட்ட வர, சாவியை மூடின மாதிரி பட்டெண்டு ஓஃப். திணறல், இழுவை ஒண்டும் இல்ல. ஸ்டார்ட்டர் நல்லாச் சுத்தும், ஆனா இஞ்சின் பிடிக்காது. பொனெட்டைத் திறந்து வச்சிட்டு, கடையில ஒரு பிளேன்ரீ குடிச்சு முடிச்சு வந்து அடிச்சா உடனே ஸ்டார்ட் எடுக்கும்.

கராஜ் ஒண்டில பெற்றோல் பம்ப் எண்டு சொல்லி அதை மாத்தினாங்க. திரும்பவும் அதே கதை. இப்ப இஞ்சின் கம்பியூட்டர் பெட்டி போயிட்டுது, வேற ஒண்டு தேட வேணும் எண்டு நிக்கிறாங்க. எனக்கு அதில நம்பிக்கை இல்ல. கிராங்க் சென்சர், அதாவது இஞ்சின் சுத்துறதைக் கம்பியூட்டருக்குச் சொல்லுற சாமான், எண்டு சிலர் சொல்லுறாங்க. அதுவா இருக்குமா? என்னட்ட ஸ்பனர் செற், டிஜிட்டல் மல்டிமீற்றர், காரைத் தூக்கிற ஜக் ஒண்டு இருக்கு. நானே மாத்தேலுமா?

கிண்ணியா_நானா:

தம்பி, யோசிக்க ஒண்டுமில்ல. கிராங்க் சென்சர்தான். கூடவே எந்த சிலிண்டருக்கு முறை எண்டு சொல்லுற கேம் சென்சரையும் வாங்கி ரெண்டையும் ஒரே அடியில மாத்திப் போடுங்க, நிம்மதி. எங்கட மச்சான்ட எஃப்பி15க்கும் இதே வருத்தம்தான் இருந்த. சூடான கச்சான் காத்து அடிக்கிற காலத்தில கிண்ணியாப் பாலத்தில நிண்டுட்டு, பின்னால வந்த பஸ்காரன் ஹோர்ன் அடிச்ச அடியில காது போயிட்டு. சென்சர் மாத்தின பிறகு இண்டைக்கு வரைக்கும் ஓடுது.

பழைய_வயர்மன்:

நானா சொன்னது பிழையெண்டு நான் சொல்லேல்ல. அனேகமா அதாத்தான் இருக்கும். ஆனா "அனேகமா"வுக்குக் காசு குடுக்கக் கூடாது தம்பி. ஏற்கனவே ஒரு பம்புக்குக் குடுத்திட்டீங்க.

முதல்ல அந்தப் பம்ப் கதையை விளக்குறன், ஏனெண்டா இதில ஏமாறுறவங்க நிறையப் பேர். சாவியை ஓன் பண்ணினா பம்ப் ஒரு கணம் உறுமிட்டு நிண்டிடும். பிறகு இஞ்சின் சுத்துது எண்ட சிக்னல் கம்பியூட்டருக்குக் கிடைச்சாத்தான் அது பம்பைத் திரும்ப ஓட விடும். மோதிக் கவிண்டு கிடக்கிற காரில பம்ப் பெற்றோலைத் தள்ளிக்கொண்டு நிக்கக் கூடாது எண்டதுக்கான ஏற்பாடு அது. அந்தச் சிக்னலைக் குடுக்கிறது கிராங்க் சென்சர். அது பேசாட்டி பம்பும் நிக்கும், ஸ்பார்க் பிளக்கில நெருப்பும் வராது, பெற்றோல் தெளிக்கிற இஞ்செக்டரும் திறக்காது. அந்த நேரம் மீற்றர் பிடிச்சவர் "பம்புக்குக் கரண்ட் இல்ல" எண்டு கண்டு பம்பைக் கழட்டுவார். பம்புக்கும் நெருப்புக்கும் ஒரே நேரத்தில கரண்ட் நிண்டா, ரெண்டுக்கும் மேல உத்தரவு குடுக்கிற ஒண்டைத்தான் தேட வேணும்.

அடுத்த முறை நிண்டா உடனே பொனெட்டைத் திறக்காதீங்க. சூடு ஆற முன்னம் பாக்க வேண்டியதுகள் இருக்கு. ஸ்டார்ட்டர் அடிக்கக்குள்ள இஞ்சின் சுத்துற வேகம் காட்டுற ஆர்பிஎம் முள்ளைப் பாருங்க. கொஞ்சமாவது துடிக்குதா, இல்ல பூச்சியத்தில ஒட்டிக்கொண்டே நிக்குதா? சாவியை ஓன் பண்ணக்குள்ள பின் சீற்றடியில பம்ப் உறுமுதா? உறுமினா பம்ப் உயிரோட இருக்கு. மற்றது, ஓஃப் ஆகிற நேரத்தில முள் எப்பிடி விழுந்தது எண்டதையும் கவனியுங்க. கார் இன்னும் உருண்டுகொண்டு, கியரும் விழுந்தபடி இருக்க, முள் மட்டும் சட்டெண்டு பூச்சியத்துக்குப் போனா, எனக்குச் சந்தேகம் முக்கால்வாசி தீரும்.

சென்சர் விஷயத்துக்கு வருவம். இந்த வண்டியில அது மூண்டு வயர்ச் சென்சர். காந்தத்தை இலெக்ட்ரோனிக்கா உணருற, ஹோல் எண்டு சொல்லுற வகை. ஒண்டில பற்றரிக் கரண்ட் வரும், ஒண்டு ஏர்த், ஒண்டு சிக்னல். பழைய டொயோட்டாவில ரெண்டு வயர்ச் சென்சர் வரும், அது வெறும் காந்தமும் கம்பிச் சுருளும், அதைக் கழட்டி ஓம் பாத்தாலே பாதி விளங்கும். இதுக்குள்ள இலெக்ட்ரோனிக் துண்டு இருக்கிறதால ஓம் பாத்துத் தீர்ப்புச் சொல்லேலாது. சென்சரின்ட வயர்ப் பிளக்கைக் கழட்டி, சாவியை ஓன் பண்ணி, வயர்ப் பக்கத்தில பற்றரி வோல்ற் வருதா எண்டு பாருங்க. சாவியை ஓஃப் பண்ணிட்டு ஏர்த் வயருக்கும் பற்றரி நெகற்றிவுக்கும் இடையில ஓம் பாருங்க, பூச்சியத்துக்குக் கிட்ட வர வேணும். இந்த ரெண்டும் சரி, சூட்டில மட்டும் சிக்னல் இல்ல எண்டா சென்சரை மாத்துங்க. ரெண்டில ஒண்டு இல்லாட்டி, புதுச் சென்சர் போட்டாலும் கார் தம்பலகாமத்திலதான் நிக்கும்.

டெஸ்ற் லாம்ப் பாவிக்க வேண்டாம். அது இழுக்கிற கரண்டைக் கம்பியூட்டரின்ட சிக்னல் லைன் தாங்காது. வயரின்ட தோலில ஊசி குத்திப் பாக்கிற பழக்கமும் வேண்டாம். எங்கட ஊர் உப்புக் காத்து அந்த ஓட்டையால உள்ள போய், ஒரு மாரி முடிய வயர் பச்சை பிடிச்சு நிக்கும்.

சின்னக்கடைப்_பொடியன்:

ஐயா, இவ்வளவு கஷ்டம் எதுக்கு? ஒன்லைன்ல மலிவா, காரின்ட பிழைக் கோட் வாசிக்கிற ஒரு புளூடூத் ஓபிடி சாமான் இருக்கு. குத்தி போன்ல பாத்தா பி0335 எண்டு காட்டும். பி0335 எண்டா கிராங்க் சென்சர், பி0340 எண்டா கேம் சென்சர். முடிஞ்சுது அலுவல்.

பழைய_வயர்மன்:

பொடியா, பி0335 எண்டா கிராங்க் சென்சர் "சர்க்கிற்"றில பிழை. சர்க்கிற் எண்டதுக்குள்ள சென்சர், மூண்டு வயர், பிளக், கம்பியூட்டரின்ட ஊசி எல்லாம் அடங்கும். கோட் வீதியின்ட பேரைச் சொல்லும், வீட்டு நம்பரைச் சொல்லாது.

அதோட, ஜப்பானுக்குள்ள ஓடச் செய்த அந்தக் காலத்து நிசான்களில ஸ்கேனர் சொக்கெட் 14 ஊசி, சாம்பல் நிறம், கொன்சல்ட் எண்டு சொல்லுறது. சிலதில 16 ஊசிச் சொக்கெட்டும் இருக்கும், ஆனா உள்ள பேசுறது சாதாரண ஓபிடி பாஷை இல்ல. உங்கட புளூடூத் சாமான் "இணைக்க முடியவில்லை" எண்டு சொல்லும். உடனே ஒருத்தர் "கம்பியூட்டர் செத்துப் போச்சு" எண்டு முடிவெடுப்பார். உப்புவெளித் தம்பியின்ட கராஜிலயும் இதுதான் நடந்திருக்கும் எண்டு நினைக்கிறன். கொன்சல்ட் கேபிள் வச்சிருக்கிற ஆளிட்டக் கொண்டு போனா நல்லா வாசிக்கலாம்.

சின்னக்கடைப்_பொடியன்:

சரி ஐயா, விளங்கிச்சு. என்ட டொயோட்டா விட்ஸுக்கு அது வேலை செய்யுது, அதான் சொன்னன்.

டொரொன்டோ_திருமலையான்:

உவர்மலையில வளர்ந்த ஆள் நான், இப்ப கனடாவில. ஒரு கேள்வி: காலையில, டவுனுக்குள்ள ஏன் நிக்கிறேல்ல? கந்தளாய் போய் வரக்குள்ள மட்டும் ஏன்? இஞ்சின் ரெம்பரேச்சர் முள் ரெண்டு இடத்திலயும் நடுவிலதானே நிக்கும்?

பழைய_வயர்மன்:

நல்ல கேள்வி. ரெம்பரேச்சர் முள் காட்டுறது தண்ணியின்ட சூடு. சென்சர் இருக்கிற மூலையின்ட சூடு வேற. இஞ்சின் கட்டையும் கியர்பெட்டியும் சேருற இடத்தில, எக்ஸோஸ்ற் சூடும் கியர் ஒயில் சூடும் ஊறுற இடம். ஊறி வர நேரம் எடுக்கும். ஏ6 வீதியில ஏசியும் போட்டு ஒரே மூச்சில ஓடி, கந்தளாயில அரை மணித்தியாலம் நிப்பாட்டி வச்சா, அந்த நேரம் தண்ணியும் ஓடாது, காத்தும் படாது, பொனெட்டுக்குள்ள சூடு இன்னும் ஏறும். பேந்து அதோட திரும்பி ஓட வெளிக்கிட்டா, சென்சருக்குள்ள இருக்கிற பழைய ஈய ஒட்டு விரிஞ்சு தொடர்பு விடும். ஆறினா ஒட்டிக்கொள்ளும். இருபது வருஷம் தாண்டின எந்தக் காரிலயும் வரக்கூடிய வருத்தம்தான்.

அதோட கச்சான் வீசுற மாதங்களில வெளிக்காத்தே சூடு. மாரியில இந்த வருத்தம் காணாமப் போகும், சித்திரை பிறக்க திரும்பி வரும். கன பேர் மாரியில "சரியாப் போச்சு" எண்டு விட்டிடுவாங்க.

கிண்ணியா_நானா:

எங்கட போட் மெஷின்லயும் இதே சாமான்தான் ஐயா, பல்சர் கொயில் எண்டு சொல்ற. கடல்ல சூடாகி நிண்டா ஈரத் துணியால சுத்திப் போடுவம். கொஞ்ச நேரத்தில பிடிக்கும். தம்பி, நீங்களும் நிக்கிற இடத்தில சென்சருக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்திப் பாருங்க. பிடிச்சா அதுதான் கள்ளன்.

பழைய_வயர்மன்:

நல்ல யோசனை நானா, ஆனா போத்தலைக் கவுக்க வேண்டாம். பக்கத்தில எக்ஸோஸ்ற் குழாய் கொதிச்சுக்கொண்டிருக்கும், கையும் முகமும் வெந்திடும். ஓல்ற்றனேற்றருக்குள்ள தண்ணி போனா அது இன்னொரு செலவு. மேலயிருந்து கை எட்டினா மட்டும் ஈரத் துணி. ரோட்டோரத்தில ஜக் அடிச்சுக் கீழ பூந்து இந்தச் சோதனை செய்ய வேண்டாம். பாரவண்டி ஓடுற ரோட்டு அது.

சின்னக்கடைப்_பொடியன்:

கழட்டிக் கொண்டுபோய் கன்னியா வெந்நீர்க் கிணத்தில முக்கிப் பாத்தா என்ன ஐயா?

பழைய_வயர்மன்:

அது ஆக்கள் குளிக்கிற சூடு. சென்சருக்குக் காணாது. வீட்டில தலைமயிர் காய வைக்கிற மெஷின் இருந்தா அதுதான் திறம். இஞ்சின் ஐடிலில ஓட விட்டு, எட்ட நிண்டு சென்சருக்குச் சூடு காட்டினா அங்கயே நிக்கும். பெல்ற், பான் பக்கம் கவனம்.

உப்புவெளி_மணல்:

எல்லாருக்கும் நன்றி. ஐயா சொன்னபடியே பாத்தன். வேணுமெண்டே கந்தளாய் போய், குளக்கட்டுப் பக்கம் கொஞ்ச நேரம் நிப்பாட்டி வச்சிட்டுத் திரும்பினன். ஆதிகோணேசர் கோயிலுக்குத் திரும்புற பாதைக்குக் கிட்ட நிண்டுது. கார் உருண்டுகொண்டிருக்கவே ஆர்பிஎம் முள் டக்கெண்டு விழுந்தது. ஸ்டார்ட்டர் அடிக்க அடிக்க முள் அசையேயில்ல. சாவி ஓன் பண்ண பம்ப் உறுமுது. அப்பிடியெண்டா புதுப் பம்பும் சரி, பழைய பம்பும் சரியாத்தான் இருந்திருக்கும்போல!

வீட்ட வந்து, இஞ்சின் சூடாவே இருக்க, பிளக்கைக் கழட்டி மீற்றர் வச்சன். 12 வோல்ற் வருது. ஏர்த் நல்லா இருக்கு. பிளக் ஊசியளும் மினுக்கமா இருக்கு. இனிச் சென்சரை வாங்கலாம்தானே? எதை வாங்குறது? டவுனில ஒரு கடையில பெட்டியில பேர் இல்லாத ஒண்டு மலிவா இருக்கு. ஜப்பான் ஒரிஜினல் கொழும்பில இருந்து எடுக்க வேணுமாம், விலை நெஞ்சு வலி. கொழும்பில பழைய வண்டிச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தையில கழட்டின ஒரிஜினல் இருக்கு எண்டும் சொல்லுறாங்க.

டொரொன்டோ_திருமலையான்:

கண்டிப்பா புது ஒரிஜினல். சென்சர் விஷயத்தில காசு பாக்காதீங்க.

கிண்ணியா_நானா:

டொலர்ல சம்பளம் எடுக்கிற ஆள் சொல்றாரு, கேளுங்க. தம்பி, பஞ்சிகாவத்தைச் சாமான்தான் சரி. ஜப்பான்காரன் செஞ்சது, கழட்டினதா இருந்தாலும் ஜப்பான்தான்.

பழைய_வயர்மன்:

கழட்டின சென்சரும் உங்கட சென்சர் மாதிரியே இருபது வருஷம் சூட்டில அவிஞ்சதுதான் நானா. கதவுக் கைப்பிடி, கண்ணாடி, கியர்பெட்டி எண்டா பஞ்சிகாவத்தைக்குப் போங்க, நானும் போவன். சூட்டில சாகிற சாமானைச் சூட்டில கிடந்த வண்டியில இருந்து கழட்டி வாங்கிறதில ஒரு நியாயமும் எனக்குத் தெரியேல்ல. அவசரத்துக்கு, இஞ்சின் ஓட விட்டுக் காட்டின வண்டியில இருந்து கழட்டித் தந்தா ஒரு மாதத்துக்குப் போடலாம்.

பேர் இல்லாத பெட்டியை விடுங்க. அதில ரெண்டு பிரச்சினை. ஒண்டு, உள்ள இருக்கிற துண்டு எவ்வளவு சூடு தாங்கும் எண்டு ஆருக்கும் தெரியாது. மற்றது உயரம். சென்சரின்ட மூக்குக்கும் உள்ள சுத்துற சக்கரத்தின்ட பல்லுக்கும் இடையில மெல்லிய இடைவெளிதான் இருக்கும். மூக்கு கொஞ்சம் கட்டையா இருந்தா சிக்னல் பலவீனம், ஸ்டார்ட் எடுக்கக்குள்ளயே காலை வாரும். கொஞ்சம் நீளமா இருந்தா பல்லில முட்டி உடையும். ஆரிட்ட வாங்கினாலும் பழையதைக் கழட்டி, ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சு உயரம், போல்ட் போடுற காது, பிளக் மூண்டும் ஒத்திருக்கா எண்டு பாத்திட்டுப் போடுங்க.

கடைக்குப் போகக்குள்ள "எஃப்பி15 கிராங்க் சென்சர்" எண்டு மட்டும் கேக்க வேண்டாம். பொனெட்டுக்குள்ள இருக்கிற தகட்டில செசி நம்பரும் மொடல் நம்பரும் இருக்கும், அதைப் போன்ல படம் எடுத்துக் காட்டுங்க. பழைய சென்சரில அச்சடிச்சிருக்கிற நம்பரையும் ஒப்பிடச் சொல்லுங்க. ஒரே தோற்றத்தில வேற வண்டிச் சாமான் வரும்.

உப்புவெளி_மணல்:

சரி ஐயா, புது ஒரிஜினலுக்குச் சொல்லி விட்டிட்டன், கொழும்பு பஸ்ஸில வரும். வந்த பிறகு எப்பிடித் தொடங்கிறது? எங்கட முற்றம் முழுக்க மணல்.

பழைய_வயர்மன்:

மணல் எண்டது உங்கட பேரிலயே இருக்கு, அதால முதல் விஷயம் அதுதான். மணல்ல ஜக் நிக்காது, சரியும். தடிச்ச பலகை, அகலமானது, ஜக்குக்குக் கீழ ஒண்டு, தூக்கின காரைத் தாங்கிற ஸ்ராண்ட் ஒவ்வொண்டுக்கும் ஒண்டு. கல் அடுக்கி வேலை செய்யிறதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டன். சீமெந்துக் கல் பாரம் தாங்கிறது மாதிரிக் காட்டி, சொல்லாமக் கொள்ளாம வெடிக்கும். ஸ்ராண்ட் இல்லாட்டி, பக்கத்து வீட்டில சீமெந்துத் தரை இருந்தா அங்க கொண்டு போங்க, ஸ்ராண்ட் இரவல் வாங்குங்க. அதுவும் சரிவராட்டி ஒரு சேர்விஸ் ஸ்ரேஷன் பள்ளத்தில விட்டு, அங்க வச்சு நீங்களே மாத்துங்க. பின் ரயருக்கு முன்னயும் பின்னயும் கட்டை, ஹான்ட்பிரேக், கியர் பார்க்கில.

இஞ்சின் நல்லா ஆற வேணும். பற்றரி நெகற்றிவைக் கழட்டுங்க. ரேடியோ ஸ்ரேஷன், மணிக்கூடு அழியும், பரவாயில்ல.

பிளக்கின்ட பூட்டுத்தான் இதில கஷ்டமான வேலை எண்டு நான் சொல்லுவன். பிளாஸ்ரிக் வயசு போய் பிஸ்கட் ஆகியிருக்கும். வயரில பிடிச்சு இழுக்காதீங்க. சின்ன ஸ்குரூ ட்ரைவரால பூட்டைத் தூக்கி, பிளக்கின்ட உடம்பைப் பிடிச்சு ஆட்டி ஆட்டி எடுங்க. பூட்டு உடைஞ்சா உலகம் அழியாது, திரும்பப் போடக்குள்ள ஒரு கேபிள் ரை போட்டு இறுக்கலாம். ஆனா கட்டாயம் இறுக்க வேணும்.

பிடிச்சிருக்கிறது ஒரே ஒரு சின்ன போல்ட். 10ஆம் நம்பர் சொக்கெட், நீட்டுத் தண்டு வேணும். கழட்ட முன்னம் துரு இளக்கிற எண்ணெய் அடிச்சுக் கொஞ்சம் ஊற விடுங்க. போல்ட் வந்தாலும் சென்சர் வராது, உள்ள இருக்கிற ரப்பர் வளையம் காய்ஞ்சு ஒட்டியிருக்கும். நெம்ப வேண்டாம். நெம்பினா காது உடையும், மூக்கு உள்ளயே நிண்டிடும், அதுக்குப் பிறகு கியர்பெட்டி இறக்கிற கதை வரலாம். இடமும் வலமுமா திருகித் திருகி, அசையத் தொடங்கின பிறகு இழுங்க.

எடுத்த உடனே ஓட்டையைச் சுத்தத் துணியால மூடுங்க, மணல் உள்ள போகக் கூடாது. பழைய சென்சரின்ட மூக்கில இரும்புத் தூள் ஒட்டியிருக்கா பாருங்க. கொஞ்சம் எண்டா வயசு. கட்டியா இருந்தா எனக்குப் படம் போடுங்க, உள்ள வேற ஏதோ தேயுது எண்டு அர்த்தம்.

புதுசின்ட ரப்பர் வளையத்துக்கு விரல் நுனியால இஞ்சின் ஒயில் பூசுங்க. கையாலயே முழுசா உள்ள தள்ளி உக்கார வையுங்க. போல்டை இறுக்கி இறுக்கிச் சென்சரை உள்ள இழுக்கிறவங்களும் இருக்காங்க, காது வெடிக்கிறது அப்பிடித்தான். அது 6 மில்லிமீற்றர் போல்ட், 10 நியூட்டன் மீற்றருக்குள்ள இறுக்கினாக் காணும். ரோர்க் ஸ்பனர் இல்லாட்டி, குட்டி ரச்செற்றை விரலால பிடிச்சு இறுக்குங்க, முழங்கைப் பலம் வேண்டாம்.

டொரொன்டோ_திருமலையான்:

பிளக்குக்குள்ள கரண்ட் கடத்தாத டைஇலெக்ரிக் கிரீஸ் கொஞ்சம் பூசுங்க. எங்களுக்கு இங்க பனிக்காலத்தில ரோட்டில உப்புப் போடுவாங்க, உங்களுக்கு அங்க கடலே போடுது. ரெண்டுக்கும் மருந்து ஒண்டுதான்.

பழைய_வயர்மன்:

இதை நான் ஒத்துக்கொள்ளுறன். ஆனா ரப்பர் சீல் ஓரத்தில மெல்லிசா. ஊசியளுக்குள்ள அள்ளி அடைக்க வேண்டாம். சாதாரண வீல் கிரீஸ் கூடவே கூடாது, ரப்பரை ஊத வைக்கும்.

உப்புவெளி_மணல்:

மாத்தியாச்சு! அண்ணன்ட வீட்டுச் சீமெந்துத் தரையில விட்டுத்தான் செய்தன். ஐயா சொன்ன மாதிரி பிளக் பூட்டுத்தான் உயிரை எடுத்தது, சென்சர் கழட்டினதை விட அதுக்குத்தான் கூட நேரம். சென்சர் திருகத் திருக வந்திட்டுது. மூக்கில மெல்லிய சாம்பல் பூச்சு மாதிரித்தான், கட்டி இல்ல. புதுசையும் பழசையும் பக்கத்தில வச்சுப் பாத்தன், மயிரிழை வித்தியாசம் இல்ல.

முதல் தரம் ஸ்டார்ட் பண்ண ஐடில் கொஞ்சம் ஏறி இறங்கிச்சு, பிறகு தன்பாட்டில சரிவந்திட்டுது. நடு மத்தியானம், ஏசி போட்டு, கந்தளாய் போய் நிப்பாட்டி வச்சுத் திரும்பினன். ஒரு இடத்திலயும் நிக்கேல்ல. இப்ப ஹபரணைக்கும் போயிட்டு வந்தாச்சு.

ஆனா ஐயா, இன்னொண்டு. காலையில முதல் ஸ்டார்ட்டுக்கு நீளமா அடிக்க வேண்டியிருக்கு. முந்தியும் இருந்தது, மற்றப் பிரச்சினையில கவனிக்கேல்ல. சூடா இருக்கக்குள்ளயும் சில நேரம் அப்பிடித்தான்.

கிண்ணியா_நானா:

நான் சொன்னன்தானே! கேம் சென்சர். ரெண்டையும் ஒரே அடியில மாத்தச் சொன்னன்.

பழைய_வயர்மன்:

நானா, நீங்க கடை ஒண்டு தொடங்குங்க, நல்லா ஓடும். தம்பி, இந்த முறை கேம் சென்சரின்ட சர்க்கிற்றாத்தான் இருக்கலாம். கிராங்க் சென்சர் இஞ்சின் சுத்துறதைச் சொல்லும், எந்த சிலிண்டருக்கு இப்ப முறை எண்டதைக் கேம் சென்சர் சொல்லும். அது சொல்லாட்டி கம்பியூட்டர் தடுமாறி, கொஞ்சம் சுத்தின பிறகுதான் பிடிக்கும். கேம் சென்சர் சிலிண்டர் ஹெட்டின்ட பின் பக்கம், கியர்பெட்டிப் பக்கமா மேல இருக்கு, ஜக் தேவையில்ல. முதல்ல அதே ரெண்டு சோதனை: கரண்ட், ஏர்த். பிறகு பிளக்குக்குள்ள ரோச் அடிச்சு ஊசியளைப் பாருங்க.

உப்புவெளி_மணல்:

ஐயா, கரண்ட் வருது, ஏர்த் ஒருக்கா வருது ஒருக்கா இல்ல. ரோச் அடிச்சுப் பாத்தா மூண்டு ஊசியில ஒண்டு மற்றதை விடப் பின்னுக்கு நிக்குது, சுத்திவரப் பச்சையா இருக்கு.

பழைய_வயர்மன்:

பிறகென்ன. அந்த ஊசி பின்னுக்குத் தள்ளுப்பட்டிருக்கு, பூட்டு நாக்கு படிஞ்சு போச்சு. பற்றரியைக் கழட்டிட்டு, ஊசியைப் பின்பக்கத்தால வெளிய எடுங்க, முன்னால சின்ன நாக்கு இருக்கும், அதை அமத்தினா வரும். கொன்ராக்ட் கிளீனர் அடிச்சு, பழைய பல்லுத் தூரிகையால தேயுங்க. நாக்கை மெதுவா நிமித்திட்டு, 'கிளிக்' எண்டு கேக்கும் வரைக்கும் திரும்பத் தள்ளுங்க. வயர் பச்சை பிடிச்சு உள்ளுக்க ஓடியிருந்தா, நல்ல செம்பு தெரியிற இடம் வரைக்கும் வெட்டி, புது ஊசி போட வேணும். ஈயம் வச்சு ஒட்டிக் கறுப்பு ரேப் சுத்துறதை இஞ்சின் பக்கத்தில செய்ய வேண்டாம், அதிர்வில ஒடியும்.

உப்புவெளி_மணல்:

வயர் உள்ள நல்லா இருந்தது, ஊசி மட்டும்தான். துடைச்சு நாக்கை நிமித்திப் போட்டன். இப்ப காலையில சாவி திருப்பினவுடனே பிடிக்குது. கேம் சென்சர் வாங்கேல்ல நானா, மன்னிச்சுக்கொள்ளுங்க.

கிண்ணியா_நானா:

அல்ஹம்துலில்லாஹ். மிச்சம் புடிச்ச காசில எங்களுக்கு ஒரு பிளேன்ரீ.

சாம்பல்தீவு_ரீச்சர்:

இந்த இழையை முழுக்க வாசிச்சன், நல்லா விளங்குது. என்னுடைய கார் இந்தியன் அல்டோ. செக் இஞ்சின் லைட் எரியுது, பெற்றோல் கொஞ்சம் கூடக் குடிக்குது. ஸ்கேன் பண்ணினவர் பி0135 எண்டு எழுதித் தந்து, ஒக்சிஜன் சென்சர் மாத்த வேணும் எண்டு சொன்னார். தம்பி ஒருத்தன் வீட்டில இருக்கிறான், ஓரளவு கைவேலை தெரியும். இதையும் வீட்டில செய்யலாமா ஐயா?

பழைய_வயர்மன்:

செய்யலாம் ரீச்சர். பி0135 எண்டது முன் ஒக்சிஜன் சென்சருக்குள்ள இருக்கிற ஹீற்றரின்ட சர்க்கிற். சென்சர் கெதியாச் சூடேறி வேலை தொடங்க வேணும் எண்டதுக்காக உள்ள ஒரு சின்ன ஹீற்றர் இருக்கு. அதனால முதல்ல பியூஸ். பியூஸ் நல்லா இருந்தா, சென்சர் பிளக்கைக் கழட்டி, சென்சர்ப் பக்கத்தில ஒரே நிறமா இருக்கிற ரெண்டு வயருக்கு இடையில ஓம் பாக்கச் சொல்லுங்க. அனேகமா அதுதான் ஹீற்றர். ஆறின சென்சரில சில ஓமிலிருந்து பதினைஞ்சு சொச்சம் வரைக்கும் காட்டலாம். ஒண்டுமே காட்டாட்டி உள்ள அறுந்து போச்சு. இதில ஓம் பாத்துத் தீர்ப்புச் சொல்லலாம், மேல சொன்ன ஹோல் சென்சர் மாதிரி இல்ல.

சாம்பல்தீவு_ரீச்சர்:

பியூஸ் நல்லா இருக்கு. தம்பி மீற்றர் வச்சான், ரெண்டு வெள்ளை வயருக்கும் இடையில ஒண்டும் காட்டேல்ல, முடிவிலி எண்டு நிக்குதாம். பிளக்குக்குக் கரண்ட் வருது.

பழைய_வயர்மன்:

அப்ப ஸ்கேன் பண்ணினவர் சொன்னது சரி, சென்சரை வாங்குங்க. எக்ஸோஸ்ற் மனிபோல்டில இருக்கிறது முன் சென்சர், புகையைச் சுத்தமாக்கிற கற்றலிற்றிக் கொன்வேர்ட்டருக்குப் பிறகு இன்னொண்டு இருந்தா அது பின் சென்சர், மாறி வாங்கிடாதீங்க. கழட்டுறதுக்கு 22ஆம் நம்பர், வயர் போக ஒரு பக்கம் பிளந்த சொக்கெட் வேணும். கொதிக்கக் கொதிக்கவும் வேண்டாம், முழுக்க ஆறியும் வேண்டாம், கை வைக்கக் கூடிய இளஞ்சூட்டில கழட்டினா புரி பழுதாகாது. புதுசின்ட நுனியைத் தொட வேண்டாம், கிரீஸ் படக் கூடாது. புரியில சாம்பல் நிறப் பசை ஏற்கனவே பூசி வரும், அதுக்கு மேல வேற ஒண்டும் வேண்டாம். சிலிக்கன் கம் இஞ்சின்ல எங்கயாவது பாவிச்சிருந்தா சொல்லுங்க, அதின்ட ஆவி ஒக்சிஜன் சென்சருக்கு நஞ்சு.

சாம்பல்தீவு_ரீச்சர்:

கம் ஒண்டும் பாவிக்கேல்ல ஐயா. அந்தப் பிளந்த சொக்கெட் டவுனில வாங்கலாமா? ஒரு தரம் பாவிக்கிறதுக்கு வாங்க மனமில்ல.

கிண்ணியா_நானா:

வாங்க வேணாம் ரீச்சர், என்னட்ட ஒண்டு சும்மா கிடக்கு. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு டவுனுக்கு வருவன், தம்பியை பஸ் ஸ்ராண்டடிக்கு வரச் சொல்லுங்க, குடுத்து விடுறன். 22தானே எண்டு மட்டும் அளந்து பாத்துச் சொல்லுங்க, என்னட்ட இருக்கிறது அதுதான்.